புல்லா யார் வண்டியில்?

ஸ்பூன் ஏரி, இடம் எண் 22
செப்டம்பர் 5

கர்ட்டிஸ் அண்ணனுக்கு,

உன் நாய் புல்லா இன்னும் கிடைக்கவில்லை. அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். கடைசி வரிவரை நீ தேடிக்கொண்டு வர வேண்டாம்.

தொலைபேசியில் பேசலாம்தான். சிக்னல் கிடைக்க மேட்டுச் சாலைவரை போக வேண்டும். போனால் செவ்வாய்க்கிழமை கத்தினதுபோல இரண்டு பேரும் கத்துவோம். அன்று பெட்ரோல் போட நின்ற மூன்று மீன்பிடிக்காரர்கள் கேட்காததுபோலத் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். ஐம்பத்தேழு வயதில் அது எனக்குத் தேவையில்லை. அதனால் தாளும் பேனாவும்.

நடந்ததை எனக்கே ஒருமுறை வரிசையாகச் சொல்லிப் பார்க்கிறேன். திங்கள்கிழமை, முகாம் சீசனின் கடைசி நாள். என் பெண்ணும் பேரப்பிள்ளைகளும் முந்தின நாளே போய்விட்டார்கள். காலையில் நமக்குள் சண்டை. நீ "கிளம்பு முதல்ல" என்றாய். நான் காரை எடுத்துக்கொண்டு முன்னால் போய்விட்டேன். நீ அரை மணி கழித்து, நாம் தங்கும் ட்ரெய்லரை உன் பிக்கப்பில் மாட்டிக்கொண்டு கிளம்பினாய். புல்லா உன் பிக்கப்பில் இருக்கிறான் என்று நான் நினைத்தேன். என் காரில் இருக்கிறான் என்று நீ நினைத்தாய். நீ க்ளோகேயில் வீட்டுக்குப் போய், எனக்குப் போன் அடித்து, "புல்லா உன்கிட்டதானே?" என்று கேட்டபோது நான் பைன் சிட்டியில் என் சமையலறையில் காபி ஊற்றிக்கொண்டிருந்தேன். அந்தக் காபி இன்னும் அந்த மேசையில்தான் இருக்கும். குடிக்காமலே திரும்பி வந்தேன்.

ஜோ இருந்திருந்தால் இது நடந்திருக்காது. ட்ரெய்லர் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் அந்த அட்டையை எடுத்து உரக்கப் படித்திருப்பாள். படிக்கட்டு மடக்கியாச்சா, ஆன்டெனா இறக்கியாச்சா, தண்ணிக் குழாய் கழட்டியாச்சா, சக்கரக் கட்டை எடுத்தாச்சா. ஒவ்வொன்றுக்கும் யாராவது "ஆச்சு" என்று சொல்லாவிட்டால் உன்னை வண்டியைக் கிளப்ப விடமாட்டாள். கடைசி வரி, "புல்லா யார் வண்டியில?" இது உன் பெண்டாட்டி இல்லாத முதல் வருஷம். அட்டையை யாருமே படிக்கவில்லை. நானாவது படித்திருக்கலாம்.

மூன்று நாளாக நடக்கிறேன். நாய்களைக் குளிக்க விடும் கரை, படகு இறக்கும் மேடை, மீன் கழுவும் கொட்டகை, அந்தப் பக்கத்துச் சின்ன ஏரி, அதற்கும் அந்தப் பக்கத்துச் சின்ன ஏரி. இங்கே எந்தப் பக்கம் நடந்தாலும் தண்ணீரில்தான் போய் முடிகிறது. அவன் பெயரைக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிவிட்டது. அவனுக்குப் பாதிக் காது கேட்காது. என் கீச்சுக் குரல் அவனுக்கு எட்டாது, உன் குரல் எட்டும். அதற்காகவாவது வா.

முகாமை நடத்தும் கோர்டி நம் இடத்தையே எனக்கு விட்டு வைத்திருக்கிறான். "அக்டோபர் பதினஞ்சுக்குத் தண்ணிய மூடிடுவேன் மார்லிஸ். அதுவரைக்கும் இரு. அப்புறம் ஏரியிலதான் பல்லு விளக்கணும்" என்றான். நம் குடும்பப் பெயர் எழுதின பலகை இன்னும் மரத்தில் தொங்குகிறது. நீ கழற்ற மறந்துவிட்டாய். அதற்குக் கீழேதான் கூடாரம் போட்டிருக்கிறேன்.

மார்லிஸ்


க்ளோகே
செப்டம்பர் 8

மார்லிஸ்,

கடிதம் வந்தது.

வர முடியாது. முதுகு பிடித்துக்கொண்டிருக்கிறது. ட்ரெய்லர் வாசலிலேயே நிற்கிறது. உறைபனிக்கு முன்னால் அதன் குழாய்களைக் காலி செய்ய வேண்டும். அதையே இன்னும் செய்யவில்லை.

இருபத்துநாலு வருஷமாக ட்ரெய்லர் முன்னால், உன் கார் பின்னால். எந்த விளக்கு எரியவில்லை, எந்தக் கதவு திறந்துகொண்டது என்று பின்னால் வருகிறவர்களுக்குத்தான் தெரியும். அதற்காகத்தான் அந்த வழக்கம். நீ முன்னால் போனாய்.

சண்டை எதற்கு என்று நீ எழுதவில்லை. நான் எழுதுகிறேன். நான் படகைக் கரையேற்றிவிட்டு வருவதற்குள் ட்ரெய்லரில் ஜோவின் அலமாரியைக் காலி செய்து கறுப்புக் குப்பைப் பையில் கட்டி வைத்திருந்தாய். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் செருப்பு, அவள் தொப்பி, அவள் குறுக்கெழுத்துப் புத்தகம். குப்பைப் பையில்.

அந்த நாய்க்குப் பதிமூன்று வயது. ஓநாய் இருக்கும் காடு. ஒரு வாரம் ஆகிவிட்டது. உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்குப் போ.

கர்ட்டிஸ்


ஸ்பூன் ஏரி
செப்டம்பர் 11

அண்ணா,

உன் கடிதம் ஒரு பக்கம். அதில் முக்கால் பக்கம் நான் செய்த தப்பு. இருக்கட்டும், எதையும் மறுக்கவில்லை.

அலமாரி விஷயத்தில் நான் கேட்டிருக்க வேண்டும். அந்த வாரம் முழுக்க நீ அதைத் திறந்தாய், அவள் செருப்பைப் பார்த்தாய், மூடினாய். காபிக்கு முன்னால் ஒருமுறை, மீன் பொரித்துச் சாப்பிட்ட பிறகு ஒருமுறை. யாராவது எடுத்து வைத்தால் தேவலை என்று நீ நினைப்பதாக எனக்குத் தோன்றியது. பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருஷம் குப்பை கொட்டினவள் நான். எதையாவது துடைத்து எடுத்து வைத்தால்தான் எனக்குத் துக்கம் அடங்கும். உனக்கு அப்படி இல்லை என்று தெரிந்திருக்க வேண்டும். தப்பு என்னுடையது. கையெழுத்துப் போட்டுத் தந்துவிட்டேன், வைத்துக்கொள். முன்னால் போனதும் நான்தான். ஒத்துக்கொள்கிறேன். கண்ணை மூடினால் அதுதான் வருகிறது. ஒரு பேச்சுக்குக் கோபித்துக்கொண்டு போனேன், ஒரு கிழட்டு நாய் காட்டில் நிற்கிறது.

ஆனால் வீட்டுக்குப் போக மாட்டேன். லினெட்டிடம் அக்டோபர் முதல் வாரம்வரை லீவு கேட்டிருக்கிறேன். "நாய்க்கா?" என்றாள் தலைமைச் சமையல்காரி அம்மாள். ஆமாம், நாய்க்குத்தான் என்றேன்.

இப்போது ஒரு வேலை சொல்கிறேன், செய். கோர்டியின் அப்பா வேட்டைக்காரர். அவர்கள் வழக்கம் ஒன்று சொன்னான். "வேட்டையில நாய் தொலைஞ்சா விடாமத் தேட மாட்டோம். போட்டிருக்கிற கோட்டைக் கழட்டி, கடைசியா நாயப் பாத்த எடத்துல விரிச்சு வெச்சுட்டு வீட்டுக்குப் போயிடுவோம். காலையில வந்தா நாய் அதுமேல படுத்திருக்கும். ஆனா துவைச்ச கோட்டு வேலைக்கு ஆகாது." சோறு வைக்கலாமா என்று கேட்டேன். "வெய்யி, கரடி வந்து நன்றி சொல்லும்" என்றான்.

என்னிடம் இருப்பது என் துணிகள்தான். புல்லாவுக்கு நான் வருஷத்தில் பத்து நாள் வரும் விருந்தாளி. உன்னுடையது எதையாவது துவைக்காமல் அனுப்பு. நீ வராவிட்டாலும் உன் வாசனையாவது வரட்டும்.

மார்லிஸ்


க்ளோகே
செப்டம்பர் 14

மார்லிஸ்,

சட்டை அனுப்பியிருக்கிறேன். கட்டம் போட்ட பழையது.

கூடாரத்தில் படுக்காதே. முழங்காலுக்கு ஆகாது. கோர்டியிடம் அடுப்பு உள்ள சின்ன அறை காலியாக இருக்கும், கேள்.

வேறொன்றும் இல்லை.

கர்ட்டிஸ்


ஸ்பூன் ஏரி
செப்டம்பர் 18

அண்ணா,

சட்டை வந்தது. இஸ்திரி மடிப்போடு வந்தது. கோர்டி எடுத்து மோந்து பார்த்துவிட்டு, "உங்க அண்ணன் நாயத் தேடறானா, கல்யாணத்துக்குப் போறானா?" என்று கேட்டான். சோப்பு வாசனை தூக்கி அடிக்கிறது. துவைக்காதது என்று எவ்வளவு தெளிவாக எழுதியிருந்தேன். இருந்தாலும் இரண்டு நாள் நம் இடத்து மேசைக்கு அடியில் விரித்து வைத்தேன். ஒரு அணில் காலர் பக்கம் கொறித்திருக்கிறது. அவ்வளவுதான் பலன்.

அடுப்பு அறைக்கு மாறிவிட்டேன். காலையில் படகு மேடையில் வெள்ளையாகப் பனி பிடித்திருக்கிறது. பூர்ச்ச மரமெல்லாம் புல்லா நிறத்தில் மஞ்சள். மஞ்சளாக எது அசைந்தாலும் எழுந்து நிற்கிறேன். உட்கார்வதற்குள் இன்னொன்று அசைகிறது. எனக்கு அலுத்துவிட்டது அண்ணா. சொல்லக் கூடாதுதான். காலையில் காலணியைப் போடக் குனியும்போதே இன்று கிடைக்காது என்று தெரிகிறது. தெரிந்தும் நாடாவைக் கட்டுகிறேன்.

இப்போது ஒன்று கேட்க வேண்டும்.

பத்தொன்பதாம் இடத்து லொரேனை நினைவிருக்கிறதா? அயோவாக்காரி, இரண்டு குட்டைக்கால் நாய்களைக் குழந்தை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போவாளே, அவள். மிச்சமிருந்த சாமான்களை எடுத்துப் போக நேற்று வந்திருந்தாள். புல்லா படம் போட்ட தாளை அலுவலகக் கதவில் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"இவனா? இவன அன்னைக்குப் பாத்தேனே. உங்க அண்ணன் ட்ரெய்லர் பின்னாடியே ஓடிட்டு இருந்தான்."

"எவ்வளவு தூரம்?"

"வாசல் தாண்டி, வளைவு வரைக்கும் எனக்குத் தெரிஞ்சுது. சில பேரு நாயக் கொஞ்ச தூரம் ஓட விட்டு அப்புறம் ஏத்திக்குவாங்கல்ல, அப்படித்தான்னு நெனச்சேன். வயசான நாய ஏன் இப்படி ஓட விடறாங்கன்னு கூடத் தோணுச்சு. நான் வாயத் தொறந்து கேட்டிருக்கணும்."

வளைவுவரை என்றால் கால் மைலுக்கு மேல். அந்தச் சாலையில் நீ மாட்டுவண்டி வேகத்தில்தான் போவாய், ட்ரெய்லர் ஆடும் என்று. இரண்டு பக்கமும் உன் கண்ணாடி தட்டு அளவுக்கு இருக்கிறது.

நீ கண்ணாடியில் பார்க்கவில்லையா?

மார்லிஸ்


ஸ்பூன் ஏரி
செப்டம்பர் 23

அண்ணா,

உன்னிடமிருந்து பதில் இல்லை. தபால் தாமதம் என்று வைத்துக்கொள்கிறேன்.

செய்தி இருக்கிறது. சாலையைச் சமப்படுத்தும் இயந்திரம் ஓட்டுகிற எர்லண்ட் சனிக்கிழமை அலுவலகத்தில் நிறுத்திச் சொன்னான். பழைய சரளைக் குழியில், தேங்கின தண்ணீரை ஒரு மஞ்சள் நாய் குடித்துக்கொண்டிருந்ததாம். எலும்பும் தோலுமாம். இவன் இறங்கினதும் காட்டுக்குள் போய்விட்டது. புல்லாவுக்குப்போலப் பின்னங்கால் இழுத்ததா என்று கேட்டேன். ஆமாம் என்றான்.

சரளைக் குழி இங்கிருந்து நாலு மைல். அந்தக் காலோடு நாலு மைல் உன் பின்னால் வந்திருக்கிறான். அங்கேயே நிற்கிறான். நான் போனால் வருவதில்லை, யார் போனாலும் இப்போது ஓடுகிறானாம்.

அவன் ஏன் சரியாக அங்கே நின்றான் என்று எனக்குத் தெரியவில்லை.

மார்லிஸ்


க்ளோகே
செப்டம்பர் 25

மார்லிஸ்,

பார்த்தேன்.

வளைவு திரும்பினதும் இடது கண்ணாடியில் மஞ்சளாகத் தெரிந்தது. நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு, காலை இழுத்துக்கொண்டு வந்தான். மேசைக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்திருப்பான். வண்டி நகர்ந்தபிறகுதான் அவனுக்குத் தெரிந்திருக்கும். உன் காரில் இருக்கிறான் என்று அந்த நிமிஷம்வரை நிஜமாகவே நினைத்தேன். அதை மட்டும் நம்பு.

அந்தச் சாலை உனக்குத் தெரியும். இரண்டு பக்கமும் பள்ளம். முப்பதடி ட்ரெய்லரைத் திருப்ப வேண்டுமானால் சரளைக் குழிதான், அதை விட்டால் தார்ச்சாலை. குழியில் திரும்பிக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொண்டேன். குழி வந்தது. நான் திரும்பவில்லை.

இதை எத்தனையோ விதமாக எழுதிப் பார்த்துக் கிழித்துப் போட்டேன். எல்லாவற்றிலும் ட்ரெய்லரின் நீளம் வருகிறது, சாலையின் அகலம் வருகிறது. உண்மை என்னவென்றால் திரும்பவே தேவையில்லை. பிரேக்கை மிதித்து, இறங்கி, கதவைத் திறந்திருந்தால் போதும். அவனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போயிருக்கலாம். பின்னால் வண்டி எதுவும் இல்லை. நீ முன்னால் போய்விட்டாய் என்று உன்னைக் குற்றம் சொன்னேன். பின்னால் யாரும் இல்லை என்று எனக்குத் தெரிந்ததே அதனால்தான்.

ஏன் என்று கேட்பாய். நான் களைத்துப் போயிருந்தேன் மார்லிஸ். இரண்டு வருஷம் ஜோவுக்கு மாத்திரை கொடுத்தேன், துடைத்தேன், தூக்கினேன், படுக்க வைத்தேன். அவள் போனபின் அதே மேசையில் இவனுடைய மாத்திரை. இவனையும் தூக்கித்தான் வண்டியில் ஏற்ற வேண்டும். தினமும் சாயங்காலம் கதவைப் பார்த்து உட்கார்ந்துகொள்வான், அவள் வந்துவிடுவாள் என்று. நானும் அவனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவளை மறக்க அவன் என்னை ஒரு நாள்கூட விடவில்லை. கண்ணாடியில் அவன் சின்னதாகிக்கொண்டே போனான். எனக்கு நிம்மதியாக இருந்தது. ஒரு மைல் இருந்தது அந்த நிம்மதி.

முதுகெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. அவன் என்னைப் பார்ப்பானே என்றுதான் வரவில்லை.

இதோடு ஒரு பொட்டலம் வருகிறது. உன் குப்பைப் பையிலிருந்து நான் எடுத்தது ஒன்றே ஒன்று, ஜோவின் பச்சைக் கம்பளிக் கோட்டு. பிளாஸ்டிக் பையில் காற்றுப் போகாமல் கட்டிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் திறப்பேன், சட்டென்று மூடிவிடுவேன். இன்னும் அவள் வாசனை இருக்கிறது. நீ துவைக்காத துணி கேட்டபோதே இதைத்தான் அனுப்ப வேண்டும் என்று தெரியும். பனியில் நாலு நாள் கிடந்தால் அவள் போய்விடுவாள் என்றுதான் சட்டையை அனுப்பினேன்.

குழியில் விரித்து வை. தண்ணீருக்குக் கிழக்கே மேடாக ஒரு இடம் இருக்கும், காற்று அங்கிருந்துதான் காட்டுக்குள் போகும்.

கர்ட்டிஸ்


ஸ்பூன் ஏரி
செப்டம்பர் 28

கர்ட்டிஸ்,

கோட்டு வந்தது. குழியில் விரித்துவிட்டேன், நீ சொன்ன இடத்தில்.

கடிதத்தைக் கோர்டியின் அலுவலகத்தில் நின்றுகொண்டே படித்தேன். "என்ன, யாராவது போயிட்டாங்களா?" என்று கேட்டான். இல்லை, எங்க அண்ணன் எழுதியிருக்கான் என்றேன். அதற்குமேல் அவன் கேட்கவில்லை, காபி ஊற்றிக் கொடுத்தான்.

இருபத்தாறு நாள். நான் தூங்காமல் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். நான் முன்னால் போனதுதான் காரணம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன், நீ அதையும் வாங்கி வைத்துக்கொண்டாய். நாயை விட்டதைக்கூட ஒரு நாள் மன்னித்துவிடுவேன். என்னை இங்கே நடக்கவிட்டுவிட்டு நீ அங்கே உட்கார்ந்திருந்தாயே, அதற்கு எவ்வளவு நாள் ஆகும் என்று தெரியவில்லை.

இத்தோடு நிறுத்திவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் நீ உண்மையை எழுதிவிட்டாய், நான் என்னுடையதை மறைத்தால் நன்றாக இருக்காது.

மார்ச் மாதம் ஆஸ்பத்திரியில், நீ கீழே சாப்பிடப் போயிருந்தபோது, ஜோ என் கையைப் பிடித்துக்கொண்டாள். "புல்லாவ நீ கூட்டிட்டுப் போயிடு மார்லிஸ். கர்ட்டிஸ் கேட்க மாட்டான், தானே பாத்துக்கறேம்பான். ஆனா களைச்சுட்டான். என்னையும் பாத்து, நாயையும் பாத்துன்னா அவனுக்குத் தாங்காது" என்றாள். சரி என்று தலையாட்டினேன்.

கூட்டிக்கொண்டு போகவில்லை. ஏப்ரலில் என் வீட்டில் புதுத் தரைவிரிப்புப் போட்டிருந்தது. கிழட்டு நாய், கண்ட இடத்தில் ஒன்றுக்கிருப்பான் என்று பார்த்தேன். கோடையில் பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டேன். கோடை வந்தது, நான் வாயைத் திறக்கவில்லை. பத்து நாளும் அவன் மேசைக்கு அடியில் என் கால்மேல்தான் தலையை வைத்துப் படுத்திருந்தான்.

ஒரு தரைவிரிப்புக்காக, கர்ட்டிஸ். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

மார்லிஸ்


ஸ்பூன் ஏரி
அக்டோபர் 2

அண்ணா,

புல்லா கிடைத்துவிட்டான்.

இன்று காலை ஏழு மணிக்குப் போனேன். காரைத் தூரத்திலேயே நிறுத்திவிட்டு நடந்தேன். கோட்டின்மேல் சுருண்டு படுத்திருந்தான். கோட்டின் ஒரு கையை வாயில் கவ்விக்கொண்டிருந்தான், கடிக்கவில்லை. என்னைப் பார்த்தான், எழுந்திருக்கவில்லை. நானும் கொஞ்ச தூரத்திலேயே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டேன். அரை மணி நேரம் இரண்டு பேரும் அப்படியே இருந்தோம். அப்புறம் அவனாகவே வந்து என் காலணியை மோந்து பார்த்துவிட்டு, என் முழங்கால்மேல் தலையை வைத்தான். நான் அழுதேன். அவனுக்குக் கேட்டிருக்காது.

பாதி நாய்தான் மிச்சம். காதெல்லாம் உண்ணி. மூக்கில் முள்ளம்பன்றி முள் ஒன்று. ஈலி ஊரில் நாய் டாக்டரிடம் காட்டிவிட்டேன். "இந்த வயசுல இத்தன நாளா? உங்க நாய்க்குப் பிடிவாதம் ஜாஸ்தி" என்றார். குடும்ப வழக்கம் என்றேன். இப்போது அடுப்பு அறையில் தூங்குகிறான். கோர்டி காட்டு அரிசிச் சூப்பு கொண்டுவந்து வைத்துவிட்டு, முழுக்கக் குடிக்கும்வரை குனிந்து நின்று பார்த்துவிட்டுப் போனான்.

கோட்டை விடவே மாட்டேன் என்கிறான். எடுத்தால் உறுமுகிறான். உன்னிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், மோந்து பார்த்தேன். சேறும் நாயும்தான். ஜோ இல்லை, எனக்குத் தெரிந்தவரை. அவனுக்குத் தெரியுமோ என்னவோ.

திங்கள்கிழமை நான் வேலையில் நிற்க வேண்டும். போகாவிட்டால் லினெட் என் கரண்டியை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை மதியம்வரை இங்கே இருப்பேன். நீ வா. மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வராதே, அது இன்னும் இல்லை. ஆனாலும் வா. அவன் உன்னைப் பார்ப்பான்தான். பார்க்கட்டும்.

அந்த அட்டையையும் எடுத்து வா.

மார்லிஸ்


க்ளோகே
அக்டோபர் 7

மார்லிஸ்,

நேற்று வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. இன்று எழுதுகிறேன்.

ட்ரெய்லர் இல்லாமல் ஏன் வந்தேன் என்று கேட்டாயே. எங்கே வேண்டுமானாலும் திரும்பிக்கொள்ளலாம் என்றுதான். வரும்போது சரளைக் குழியில் ஒருமுறை திருப்பிப் பார்த்தேன். நாலு மூச்சு நேரம்கூட ஆகவில்லை.

அவன் என்னைப் பார்த்து வாலை ஆட்டுவான் என்று நான் நினைக்கவே இல்லை. கடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நீ அட்டையைப் படித்தது நல்லது. "படிக்கட்டு மடக்கியாச்சா?" என்று நீ கேட்க, "படிக்கட்டு எங்க இருக்கு, மடக்க?" என்று நான் சொல்ல, "ஆச்சுன்னு சொல்லு" என்று நீ அதட்டினாய். ஜோவும் அப்படித்தான் அதட்டுவாள். ஆன்டெனா, குழாய், கட்டை எல்லாவற்றுக்கும் ஆச்சு என்றேன். கோர்டி சிரிப்பை அடக்கிக்கொண்டு பலகையைக் கழற்றுவதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

கடைசி வரியைப் படித்துவிட்டு நீ தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஜோ உன்னிடம் சொன்னதை இரண்டு பேருமே நினைத்துக்கொண்டிருந்தோம் என்று நினைக்கிறேன். என் வண்டிக் கதவு திறந்துதான் இருந்தது. அவன் கோட்டைக் கவ்வி இழுத்துக்கொண்டு உன் காருக்குப் போய் நின்றான். நான் வந்து தூக்கி ஏற்றினேன். என் கையை நக்கினான். அவ்வளவு லேசாக இருந்தான்.

பிறகு வழக்கம்போல நான் முன்னால், நீ பின்னால். அவன் உன் பக்கத்து இருக்கையில் எழுந்து உட்கார்ந்துவிட்டான். க்ளோகேவரை நூறு மைலுக்கு மேல் அவனைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தேன். வழியில் ஒருமுறை லாரி ஒன்று நடுவில் புகுந்துவிட்டது. அது விலகும்வரை பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தேன். நீ விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தாய். வேகத்தைக் குறைத்துவிட்டேன் என்று திட்டுகிறாய் என்று புரிந்தது.

என் பிரிவில் நான் வலப்பக்கம் இறங்கினேன், நீ நேரே போனாய். மேட்டில் ஏறும்போது மறுபடி பார்த்தேன். கண்ணாடியில் வெறும் சாலைதான்.

அவன் மாத்திரைகள் இதோடு வருகின்றன. காலையில் வெள்ளை, சாயங்காலம் பாதி மஞ்சள். வெண்ணெய்க்குள் வைத்துக் கொடு, இல்லாவிட்டால் துப்பிவிடுவான். சாயங்காலம் கதவைப் பார்த்து உட்கார்ந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்துகொண்டால் போதும். இரண்டாவது சனிக்கிழமை நான் வரலாமா என்று எழுது. வேண்டாம் என்றால் அதையும் எழுது.

கோட்டு அவனிடமே இருக்கட்டும். எதையாவது துடைத்து வைத்தால்தான் உனக்கு அடங்கும் என்று தெரியும். அதை மட்டும் துவைக்காதே.

கர்ட்டிஸ்